தூசியின் வேகம்

1986-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹாலி வால்நட்சத்திரத்தைச் சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து சென்ற ஜியோட்டோ என்னும் ஐரோப்பிய விண்கலம், அதனை மிக நெருங்குவதற்குச் சில விநாடிகளே எஞ்சியிருந்த வேளையில், ஒரு சிறு துகள் மோதியதால் நிலைகுலைந்து, பூமியோடு கொண்டிருந்த தொடர்பைச் சற்று நேரம் இழந்து நின்றது. கலமும் வால்நட்சத்திரமும் ஒன்றையொன்று கடந்த வேகம் விநாடிக்கு 68 கிலோமீட்டர். வேகம் பத்து மடங்கானால் தாக்கும் சக்தி நூறு மடங்காகும் என்பது பௌதிக நியதியாதலின், திண்ணையில் படிந்தால் நாம் துடைத்தெறியும் தூசியே ஆகாயத்தில் பேராயுதமாகி விடுகிறது.

அந்த வேகத்தைப் பூமியிலேயே உண்டாக்கிப் பரீட்சிக்க வேண்டுமானால், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செல்லும் துப்பாக்கிக் குண்டு எம்மாத்திரம்! ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார், 20 லட்சம் வோல்ட் மின்னழுத்தம் தரும் வான் டி கிராஃப் யந்திரத்தைக் கொண்டு இதனைச் சாதித்தனர். சிறு கலயம் ஒன்றில் இட்ட இரும்புப் பொடியை மின்துடிப்பால் கிளறிவிட, மேகம்போல் எழும் துகள்களுள் ஏதோ ஒன்று அங்கே நிற்கும் ஊசியின் முனையைத் தொட்டு மின்னேற்றம் பெற்று, நுண்ணிய துவாரத்தின் வழியே வெளிப்பட்டு, காற்றை அறவே நீக்கிய குழாயில் பாய்கிறது. மின்னேற்றம் மேற்பரப்பிலே தங்குவதாகையால், துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடையை நோக்க மின்னேற்றம் மிகுந்து, மயிரிழையின் நூறில் ஒரு பங்கினும் சிறியவை விநாடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகம் எய்துகின்றன. வழியிலுள்ள உலோக வளையங்களைத் துகள் கடக்கும்போது எழும் மெல்லிய மின்குறிப்பால் அதன் வேகமும் எடையும் கணிக்கப்படுகின்றன.

இலக்கில் மோதிய கணத்தில் துகள் ஆவியாகி, அயனிகளாகச் சிதறுகிறது. லேசானவை முன்னும் கனமானவை பின்னுமாக உணர்கருவியை வந்தடைய, அவ்வரிசையே துகள் இன்ன பொருளால் ஆனது என்பதைத் தெரிவித்து விடுகிறது.

ஹைடல்பர்க்கில் இவ்வாறு சோதித்து அளவு நிர்ணயிக்கப்பட்ட தூசி ஆய்வுக் கருவியொன்றைத் தாங்கி, 1997-இல் புறப்பட்ட காசினி விண்கலம் 2004-இல் சனிக் கிரகத்தை அடைந்தது. அங்கே என்சலடஸ் என்னும் துணைக்கோள் பீறிட்டு வீசிய பனித்துகள்களில் சோடிய உப்பு கலந்திருப்பதை அக்கருவி கண்டுகொள்ள, உறைந்த ஓட்டின் கீழே பாறையைத் தழுவிய உப்பு நீர்க்கடல் உண்டு என்ற முடிவு 2009-இல் வெளியாயிற்று. கப்பலோட்டியவர் எவரும் காணாத அந்தக் கடலின் உப்பை மனிதன் அறிந்தது, பூமியில் ஒரு குழாய்க்குள் தூசியைத் துகள் துகளாக ஓடவிட்டு அளந்த பொறுமையினால்தான்.