கிலோ கணக்கும் உடம்புக் கணக்கும்

மாதத் தொடக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதும்போது நம் வீடுகளில் கேள்வி கேட்காமலேயே ஏற்கப்படும் ஓர் அனுமானம் உண்டு: உடம்புக்கு நல்லதென்றால் விலை கூடத்தான் இருக்கும். பாதாம், ஓட்ஸ், ஆப்பிள், டப்பாவில் அடைத்த சத்துபானம் எல்லாம் ‘நல்ல சாப்பாடு’. கையைக் கடிக்கும் மாதத்தில் சீட்டிலிருந்து முதலில் அடிபடுவதும் அவைதான். அடித்த பிறகு மிஞ்சுவது அரிசி, ரவை, மைதா, எண்ணெய், சர்க்கரை. ஆரோக்கியமா சிக்கனமா, இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்ற எண்ணம் இப்படியே வேரூன்றிவிடுகிறது. இந்த முரண்பாட்டில் பெரும்பகுதி நாம் கையில் எடுக்கும் அளவுகோலால் வருவது. கடையில் கிலோ என்ன விலை, பாக்கெட் என்ன விலை என்று கேட்கிறோம். உடம்புக்குத் தேவைப்படுவதோ இத்தனை கிராம் புரதம், இத்தனை மில்லிகிராம் இரும்பு, கொஞ்சம் நார்ச்சத்து. ஒரு ரூபாய்க்கு இவற்றில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்று கணக்குப் போட்டால், பலசரக்குக் கடையின் மலிவான மூட்டைகள் பல முன்வரிசைக்கு வந்துவிடும்.

முதலில், நம் தட்டில் எது குறைகிறது என்று தெரிய வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைய மொத்த எரிசக்தியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்தியர்களின் தட்டிலோ அது 50 முதல் 70 சதவீதம். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து 14 சதவீதம் தர வேண்டிய இடத்தில் 6 முதல் 9 சதவீதமே தருகின்றன. இதன் விளைவு தமிழ்நாட்டில் ஒரே அட்டவணையில் தெரிகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40 சதவீதம் பேருக்கு உடல் எடை அதிகம். சோறு குறைவதால் வரும் நோய்களாக இவற்றைப் பார்க்க முடியாது. வயிறு நிறைந்து, சத்து நிறையாத நிலை இது. ஆகவே சிக்கனத்தின் கேள்வியையும் திருத்திக்கொள்ள வேண்டும். எதைக் குறைத்து வாங்கலாம் என்பதோடு, அந்தக் காசை எதற்கு மாற்றலாம் என்றும் கேட்க வேண்டும்.

பத்து கிராம் புரதம் என்ன விலை?

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது சுமார் 46 கிராம். இதில் பத்து கிராமை வாங்க எவ்வளவு செலவாகும்? விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குக்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். கிலோ 100 ரூபாய்க்குக் கொள்ளு வாங்கினால், அதில் 210 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதால், பத்து கிராமுக்கு ஐந்து ரூபாய்க்கும் கீழேதான் ஆகும். 140 ரூபாய் நிலக்கடலையில் ஆறு ரூபாய். அதே விலைத் துவரம்பருப்பில் ஆறரை ரூபாய். ஏழு ரூபாய் முட்டையில் பதினொரு ரூபாய். லிட்டர் 40 ரூபாய்ப் பாலில் பதின்மூன்று ரூபாய். கிலோ 400 ரூபாய்ப் பன்னீரில் இருபது ரூபாயைத் தாண்டும். இப்போது கடையிலேயே மிக மலிவான பொருளாகத் தோன்றும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். அதன் கிலோ விலை சுமார் 100 ரூபாய், கொள்ளின் விலைதான். நூறு கிராமில் ஆறேழு கிராம் புரதம். அதனால் பத்து கிராமுக்குப் பதினைந்து ரூபாய். கூடவே கால் பங்கு அளவுக்குச் சர்க்கரையும் வருகிறது. கிலோ 450 ரூபாய்க்கு விற்கும் மால்ட் பானப் பொடியில் நூறு கிராமுக்குச் சுமார் பத்து கிராம் புரதம் என்று எடுத்துக்கொண்டால் பத்து கிராமின் விலை 45 ரூபாய்! விலைகள் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இந்த வரிசை பெரிதாக மாறாது.

பழத்திலும் இதே கதைதான். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் அதிகமான வைட்டமின் சி இருக்கிறது. ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம்கூட இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் வாங்குவது என்னவோ ஆப்பிளைத்தான். இப்படிப் பழக்கத்தால் மதிப்பேறிய பொருள்களுக்குப் போகும் பணம் சிறு தொகையல்ல. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்த மாதச் செலவில் 11 சதவீதம் பானங்கள், நொறுக்குத்தீனி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்குப் போகிறது. உணவுச் செலவுக்குள் இதுவே பெரிய பங்கு. பருப்பு, பயறு வகைகளுக்கான செலவு இதில் கால் பங்குகூட இல்லை. மால்ட் பானங்கள் சூடிக்கொண்ட ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயருக்கு இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை அந்தப் பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது இதனால்தான். ஆக, பல வீடுகளில் நல்ல சாப்பாட்டுக்கான பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. போகும் இடம்தான் தவறு.

வாங்கியது வேறு, சேர்ந்தது வேறு

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பயற்றின் புரதமும் முட்டையின் புரதமும் ஒன்றாகுமா? ஆகாது. நம் உடம்பால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்கள் உணவிலிருந்துதான் வர வேண்டும். முட்டை, பால், மீனில் அவை ஒன்பதும் போதிய அளவில் உண்டு, செரிமானமும் எளிது. அரிசியில் லைசின் குறைவு. பயறு வகைகளில் லைசின் ஏராளம், மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் இருப்பதால், இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடுகிறது. பொங்கல், இட்லி, சாம்பார் சாதம் எல்லாம் இந்தச் சேர்க்கைதான். சிக்கல் விகிதத்தில் இருக்கிறது. மலைபோல் சோற்றின் மேல் இரண்டு கரண்டி தண்ணீர்ச் சாம்பார் ஊற்றினால் ஈடுகட்ட அங்கே பருப்பு இருக்காது. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, ஒரு கிண்ணம் சுண்டலையோ கெட்டிக் கூட்டையோ சேர்த்தால்தான் கணக்கு நேராகும். அசைவம் சாப்பிடுவோருக்கு வாரத்தில் சில முட்டையும், மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மத்தி, நெத்தலி போன்ற சிறுமீன்களும் மிச்சக் குறையைத் தீர்த்துவிடும். மத்தியில் உள்ள ஒமேகா 3 கொழுப்புக்கு வஞ்சிர விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரும்புச்சத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பில் பெரும்பாலும் நூற்றில் பத்துப் பங்குக்கும் குறைவாகவே குடல் உறிஞ்சுகிறது. பயற்றிலும் தானியத் தவிட்டிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதை அவிழ்க்கக் காசு தேவையில்லை. கொள்ளையோ பச்சைப் பயற்றையோ இரவு ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால் மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளைக்கும் விதை தனக்காக எழுப்பும் ஃபைட்டேஸ் என்ற நொதி அந்த அமிலத்தைச் சிதைக்கிறது; காய்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாதிருந்த வைட்டமின் சியும் உருவாகிறது. தோசை மாவு புளிக்கும்போதும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. அடுத்தது எலுமிச்சை. வைட்டமின் சி இரும்பைக் குடல் எளிதாக ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. சூட்டில் அது அழிந்துவிடும் என்பதால், சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அதன் பாலிபீனால்கள் இந்த ஆதாயத்தைத் தின்றுவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, தேநீர் வேண்டாம் என்று ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது இதற்காகவே. ஒருவேளை உணவை வைத்துச் செய்யும் ஆய்வில் தெரியும் பலன் நீண்டகால உணவுப் பழக்கத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை என்பதும் உண்மை. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு எலுமிச்சையை நம்பக் கூடாது.

மலிவானது மட்டமானது என்ற எண்ணத்துக்கு வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதே அதன் தொடக்கம். வைட்டமின் பி1 குறைவதால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய் அது. அன்றைய சென்னை மாகாணத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் அது பரவலாக இருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளை அநேகமாக அது தொடவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை. வெள்ளை வெளேரென்ற பச்சரிசிக்கு இருந்த மதிப்பு, பழுப்பேறிய புழுங்கலுக்கு இல்லாமலிருந்தது. சத்து மட்டும் புழுங்கலில்தான் தங்கியது. 1937இல் அதே குன்னூர் ஆய்வகத்திலிருந்து டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் வெளியிட்ட சிறுநூல், இந்திய உணவுகளின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டதோடு போதுமான உணவைத் திட்டமிடும் வழியையும் சேர்த்தே சொன்னது. இன்று நாம் போடும் கணக்குக்கு அது முன்னோடி.

சொல்லப்படும் தடைகள்

‘இதற்கெல்லாம் எதற்குக் கணக்கு? சிறுதானியத்துக்கு மாறினால் போதுமே’ என்பது இப்போது அடிக்கடி கேட்கும் வாதம். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அதை வாங்குவது நல்ல வியாபாரமே. ஆனால் கடையில் பளபளக்கும் பாக்கெட்டில் வரும் தினைக்கும் சாமைக்கும் அரிசியைவிட இருமடங்கு விலை கொடுத்து, அதே அளவு சாப்பிட்டால் என்ன ஆகும்? நாடு முழுவதையும் உள்ளடக்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வான ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ (ICMR-INDIAB) வெளியிட்ட 2025ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு விடை தருகிறது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் எரிசக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. தீட்டிய தானியத்தின் இடத்தில் முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பது மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதோடு தொடர்புபடவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதியைப் பயறு அல்லது பால் புரதத்தால் ஈடுசெய்வது தொடர்புபட்டது. இது மக்கள் உண்பதைக் கவனித்துச் சொன்ன ஆய்வு. காரணத்தை ஐயமின்றி நிறுவும் சோதனை அல்ல. என்றாலும் பணத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதற்கு நல்ல துப்பு: ஒரு தானியத்திலிருந்து விலை கூடிய இன்னொரு தானியத்துக்குத் தாவுவதைவிட, தானியத்திலிருந்து பயற்றுக்கு நகர்வது மேல்.

பயறு வாயு என்பார்கள். உண்மைதான். அதிலுள்ள சில சர்க்கரைகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் தொல்லை குறையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குடலும் பழகிக்கொள்ளும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இதைவிடக் கனமான தடை நேரமும் உழைப்பும். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணிடம் முளைகட்டு, கீரை ஆய் என்று சொல்வது, காசை மிச்சப்படுத்தி அவள் தூக்கத்தைச் செலவழிப்பதாகும். கீரை ஆய்வது வீட்டில் உள்ள எல்லோருக்கும் வரும் வேலை. அதோடு, ஒரு குக்கர் கொள்ளை வேகவைத்தால் வடித்த நீர் அன்றைய ரசம், பயறு சுண்டல், மிஞ்சியது மறுநாள் துவையல். ஒரே எரிவாயுச் செலவில் மூன்று பண்டம். வறுத்த நிலக்கடலைக்கும் பொட்டுக்கடலைக்கும் அந்த வேலைகூடக் கிடையாது; பிஸ்கட் டப்பாவின் இடத்தில் அவற்றை வைத்தால் போதும்.

கடைசி மறுப்பு மிக வலுவானது. மாற்றி வைக்கப் பணமே இல்லாதவர் என்ன செய்வார்? இந்தியாவில் பாதிப் பேருக்கும் மேல் ஆரோக்கியமான உணவு கட்டுப்படியாகாது என்றது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு மற்ற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கை. பால், பழம், காய், எண்ணெய் எல்லாம் சேர்ந்த முழுத் தட்டின் விலை அது. கொள்ளு மலிவு என்பதால் அந்தத் தட்டு மலிவாகிவிடாது. சிக்கனம் வறுமைக்கு மாற்று என்று யாரும் வாதிடவும் கூடாது. இந்த இடத்தில் கணக்கு வீட்டிலிருந்து அரசுக்குப் போகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. அந்த விலையில் பத்து கிராம் புரதம் ஒன்றரை ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது. நாட்டில் இதைவிட மலிவான புரதம் அரிது. ஆனால் நால்வர் குடும்பத்தில் அந்த ஒரு கிலோவைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு. வழிகாட்டி பயறு, முட்டை, இறைச்சிக்கென ஒதுக்கும் அளவோ ஒரு நாளைக்கு 85 கிராம். பசியைத் துரத்த அரிசி கொடுத்த காலம் அதன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. வீட்டில் ஒரு கரண்டி சோற்றுக்குப் பதில் ஒரு கிண்ணம் பயறு என்று நாம் மாற்றுவதைப் போலவே, அரசும் தன் பட்டியலில் அரிசியில் ஒரு பங்கை இன்னொரு கிலோ பருப்பாக மாற்றும் வாய்ப்பை அட்டைதாரருக்குத் தரலாம். மளிகைச் சீட்டை நாம் திருத்துவது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அதுவும்.