பொங்கல் குழம்பிலிருந்து ஒரு பள்ளித் தோட்டம்

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. அது நாடு முழுமைக்கும் பொதுவானது. எந்த மாதத்தில் எதை விதைப்பது என்பதை அந்தந்த ஊர் மண்ணையும் தண்ணீரையும் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தஞ்சை மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல்தான். சத்துணவுக் கூடத்துக்குக் காய் மட்டும் சந்தையிலிருந்து வருகிறது. எங்கள் பக்கம் வயல் நெல்லுக்கு, வீட்டுக் கொல்லை காய்கறிக்கு என்பதுதான் பழைய ஏற்பாடு. கொல்லைகள் சுருங்கிவிட்டன. சாம்பாரில் கிடக்கும் காயைத் தட்டின் ஓரம் ஒதுக்கும் பிள்ளைகளுக்கு அது எந்தச் செடியில் காய்த்தது என்றே தெரிவதில்லை.

தோட்டத்துக்கான அட்டவணையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொங்கலன்று எங்கள் பக்கத்து வீடுகளில் பல காய் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள். அவரை, மொச்சை, பரங்கி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை, சேப்பங்கிழங்கு என்று ஏழோ ஒன்பதோ காய்கள் சேரும். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் அதில் இடமில்லை. மார்கழி, தை மாதங்களில் டெல்டாக் கொல்லையில் என்ன கிடைக்குமோ அதுதான் அந்தப் பானைக்குள் போகும். அந்தப் பானையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்க வேண்டிய மாதம் கிடைத்துவிடும்.

அவரையை எடுத்துக்கொள்வோம். பந்தலில் ஏறும் நாட்டு அவரையை ஆடியில் ஊன்றினாலும் ஆவணி, புரட்டாசி முழுவதும் கொடிதான் ஓடும், பூ வராது. பகல் குறுகிய பிறகுதான் பூக்கும். தஞ்சாவூரில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் உண்டு. நமக்குப் பெரிதாகத் தெரியாத அந்த வித்தியாசத்தைக் கொடி கணக்கு வைத்திருக்கிறது. மேல்நிலை வகுப்புத் தாவரவியலில் ஒளிக்காலத்துவம் என்று படிப்பது இதைத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்காட்டியில் உள்ள சூரிய உதய, மறைவு நேரங்களை வாரம் ஒருமுறை குறித்துவந்து, முதல் பூ வந்த நாளையும் அதே வரைபடத்தில் குறித்தால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். குத்து அவரை ரகங்கள் பலவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அதிலும் இரண்டு செடி வையுங்கள்.

பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். பூ விடியற்காலையில் மலர்ந்து உச்சிக்கு முன் வாடிவிடும். அடைமழைக் காலையில் தேனீ பறக்காது, பிஞ்சு வெம்பி உதிரும். மழை விட்ட நேரத்தில் பிள்ளைகளே ஆண்பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூலகமுடியில் தொட்டுவைக்கலாம். மார்கழிக் கோலத்துச் சாணத்தில் செருகப் பரங்கிப் பூ கேட்டு ஊர்ப் பெண்கள் வந்தால் ஆண்பூவைப் பறித்துக் கொடுங்கள். அது நிறையவே பூக்கும்.

இனி மண்ணும் தண்ணீரும். பழைய டெல்டாவின் களிமண் நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி வளாகத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். அதனால் ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டாமல் இங்கே தோட்டம் இல்லை. ஒரு மீட்டர் அகலம் போதும், இருபுறமிருந்தும் சிறு கைகளுக்கு எட்டும். மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் மணற்பாங்கான நிலம் அதிகம். அங்குள்ள பள்ளிகளுக்குத் தண்ணீர் தேங்கும் தொல்லை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலைதான் அதிகம். முருங்கையின் வேர் தேங்கிய நீரைத் தாங்காது; மேடான மூலை அதற்கு. வாழையும் சேம்பும் ஈரத்தை விரும்பும். தட்டு கழுவும் நீர் ஓடிவரும் இடம் அவற்றுக்கு.

இந்தத் தோட்டத்தால் சத்துணவுக் கூடத்தின் காய்த் தேவை தீர்ந்துவிடாது. தொடக்கநிலை மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமும், உயர் தொடக்கநிலையில் 75 கிராமும் காய்கறி என்பது பிஎம் போஷன் திட்டத்தின் அளவு. 60 பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்குத் தினம் 3 கிலோ வேண்டும். இரண்டு சென்ட் இடத்தில் தினமும் அதை எடுக்க முடியாது. வாரம் ஒருநாள் கீரை கொடுக்க முடியும். முளைக்கீரை சுமார் 25 நாளில் பிடுங்கத் தயாராகும், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். நான்கு சதுர மீட்டர் அளவில் நான்கு பாத்திகள் அமைத்து, வாரம் ஒன்றாக விதைத்தால், நான்காவது வாரத்திலிருந்து வாரம் ஒரு பாத்தி அறுவடைக்கு வரும். அடைமழை மாதங்களில் விதை அடித்துப்போகும் என்பதால் இந்தச் சுழற்சியை ஆடியிலும் தையிலும் தொடங்குவது நல்லது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. நம் மாணவியரில் 15 வயது நிறைந்தவர்கள் இந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள். கீரை தின்றால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே உறிஞ்சும். வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். வைட்டமின் சி சூட்டில் அழியக்கூடியது. ஆகவே கீரையையும் பருப்பையும் கடைந்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். கீரையை அலசிவிட்டுத்தான் நறுக்க வேண்டும், வேகவைத்த நீரைக் கொட்டக் கூடாது. சமையலர் அம்மாவிடம் இதைப் பாடமாகச் சொல்லாமல், பிள்ளைகள் பறித்த கீரையோடு தோட்டத்து எலுமிச்சை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். தாங்கள் விதைத்த கீரையைத் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளையை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

தட்டுக்குப் போகும் பயிர் என்பதால் பூச்சிமருந்து எதுவும் தெளிக்க வேண்டாம். மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தில் அசுவினி அப்பும். காலையில் சாம்பல் தூவலாம், அல்லது வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம்.

பெரும்பாலான பள்ளித் தோட்டங்கள் மே விடுமுறையில்தான் கருகிப்போகின்றன. தைப்பட்டப் பாத்திகளை ஏப்ரலுக்குள் முடித்துவிட்டு, முருங்கை, கறிவேப்பிலை, வாழை ஆகியவற்றை மட்டும் கோடைக்கு விடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பள்ளிக்கு அருகில் வசிக்கும் பெற்றோரிடம் அவற்றை ஒப்படைத்தால் வாரம் இருமுறை தண்ணீர் கிடைத்துவிடும். விளைவதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். மாசியில் கொடியிலேயே முற்றிக் காய்ந்த அவரையை உரித்து, சாம்பலில் புரட்டி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். கடைசி வேலைநாளில் ஆளுக்கு ஐந்து விதை கொடுத்தனுப்பினால், ஆடியில் அவரவர் வீட்டு வேலியோரம் ஊன்றிக்கொள்வார்கள்.