புதுக் கணினிக்கு நினைவகம் எவ்வளவு?

கல்லூரி திறக்கும் திங்களில் எமது துறைக்கு வரும் பெற்றோர், பாடத்திட்டம், விடுதி, கட்டணம் ஆகியவற்றைக் கேட்டறிந்தபின் சற்றே தயங்கி இன்னொரு வினாவையும் எழுப்புகின்றனர். "பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும், எட்டு ஜி.பி. போதுமா, பதினாறு வேண்டுமா?" தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவா இது எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் தந்தை வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்பிய பணமோ, தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமோ, ஒருமுறை செலவாகிவிட்டால் படிப்பு முடியும்வரை இரண்டாவது கணினிக்கு வழியிராது. ஆதலின் இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலவில்லை.

முதற்கண் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். கடைகளில் "512 ஜி.பி. மெமரி" என்று பெருமையுடன் சொல்லப்படுவது பெரும்பாலும் சேமிப்பகமே, அது நூலக அலமாரியை ஒத்தது. நாம் ஈண்டுப் பேசும் நினைவகம், அஃதாவது ரேம், படிப்பறை மேசையை ஒத்தது. அலமாரியில் பத்தாயிரம் நூல்கள் இருக்கலாம். ஒரே வேளையில் விரித்து வைத்துப் பார்க்கத்தக்கவை மேசை கொள்ளுமளவே. மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். அலமாரியில் இருப்பவை அப்படியே இருக்கும்.

மேசை நிறைந்துவிட்டால் என்ன நேர்கிறது? கணினி உடனே நின்றுவிடுவதில்லை. அப்போதைக்குப் பயன்படாதவற்றை எடுத்துச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு, வேண்டும்போது மீண்டும் கொணர்கிறது. இக்காலத்து எஸ்.எஸ்.டி. விரைவானதே என்றாலும், ஒரு தகவலை எடுத்துத் தர நினைவகத்தைவிடப் பன்னூறு மடங்கு நேரம் கொள்ளும். பழைய சுழல்வட்டோ ஏறத்தாழ லட்சம் மடங்கு கொள்ளும். "கணினி மெல்ல ஓடுகிறது" என்று நாம் நொந்துகொள்ளும் பொழுதுகளிற் பல, இந்தப் போக்குவரத்தில் கழிவனவேயாம்.

தமிழ் படிப்போருக்கு எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு இடம் வேண்டும். 'நினைவகம்' என்னும் சொல் கண்ணுக்கு ஐந்தெழுத்தே ஆயினும் கணினிக்கு எட்டுக் குறிகள். எனவே 24 பைட்டு. பக்கத்துக்கு 2,000 குறிகள் கொண்ட ஆயிரம் பக்க நூலொன்று, எழுத்தாக மட்டும் 6 எம்.பி. அளவில் அடங்கிவிடும். எழுத்தை எழுத்தாகவே கையாளும்வரை தமிழுக்குப் பெரிய நினைவகம் வேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

அந்நூலை ஒளிவருடி எடுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால் 2,480க்கு 3,508 புள்ளிகள் கிடைக்கும். புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டு எனில் ஒரு பக்கமே 26 எம்.பி. ஆகிறது. கோப்பாகச் சேமிக்கையில் அது சுருக்கி வைக்கப்படுவதால் ஓரிரு எம்.பி.தான் காட்டும், திருத்துவதற்காகத் திறந்தவுடன் முழு அளவுக்கு விரிந்து மேசையை அடைத்துக்கொள்ளும். இருநூறு பக்கங்களை ஒருசேர விரித்தால் 5 ஜி.பி.க்கும் மேல் செல்லும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் மிக எளிய வடிவம் 16 கே.பி. நினைவகத்துடன் வந்தது. அத்தகைய கணினிகள் ஏறத்தாழ 1,590 ஒன்றுகூடினால்தான் நம் பழைய மலரின் ஒரு பக்கத்தைத் தாங்கும்!

இக்கணக்கை நாம் முன்னரே போட்டிருந்தால் ஓர் இழப்பைத் தவிர்த்திருக்கலாம். 2018இல் துறையின் பழைய ஆண்டு மலர்களை மின்வடிவாக்க எண்ணி, விலை குறைவு என்னும் ஒரே காரணத்தால் 4 ஜி.பி. மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் கூறியதை நம்பினோம். சேர்க்கப் போனபோதோ, நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன, கூடுதல் செருகிடமும் இல்லை என்பது தெரிந்தது. நாற்பது பக்கம் தாண்டினால் திரை உறையும். மாணவர்கள் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பர், உறைந்தபடியே இருக்கும். அவ்வாண்டில் இரண்டு மலர்களுக்கு மேல் முடிக்க இயலவில்லை.

ஆகவே எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பின்னாற் கூட்ட முடியுமா என்று கேட்பதே முறை. செருகிடம் உள்ள கணினியாயின் இப்போதைய தேவைக்கு மட்டும் வாங்கி, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பற்றவைத்ததாயின் மூன்று நான்கு ஆண்டுத் தேவையை இன்றே எண்ணிப்பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் பலவும் இவ்வகையினவே. கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், அந்த மாதிரியின் பெயரைச் சொல்லி விவரத்தாளை வாங்கிப் படிக்க வேண்டும். நினைவகப் பலகை வாங்கும்போது டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இருவகையுள் ஒன்றன் செருகிடத்தில் மற்றொன்று பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

இனி அளவு. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாஃப்ட் 2021இல் அறிவித்தது உண்மையே. அது கணினி எழுந்து நிற்கப் போதுமான அளவு, வேலை செய்யப் போதுமான அளவன்று. கட்டுரை தட்டச்சு செய்தல், இணையத்தில் தேடுதல், இணையவழி வகுப்புக் கேட்டல் ஆகியவற்றுக்கு 8 ஜி.பி. போதும் என்பதே எம் கருத்து. ஒளிவருடுதல், படத்திருத்தம், காணொளி தொகுத்தல், கணினி அறிவியல் மாணவரின் செயலியாக்கம் ஆகியவற்றுக்கு 16 வேண்டும். ஆப்பிள் நிறுவனமும் தன் மேக்புக் ஏர் கணினியின் தொடக்க அளவை 2024 அக்டோபரில் 8இலிருந்து 16 ஆக உயர்த்தியது. 32 ஜி.பி. தேவைப்படுவோர் கேட்காமலே அதனை அறிந்திருப்பர். மற்றையோர்க்கு அது வீண்செலவு. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவுமையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கவே, விலை விரைந்து ஏறியது. அத்தகைய காலத்தில் அச்சத்தால் கூடுதலாக வாங்குவது இன்னும் பெரிய இழப்பாகும்.

ஐயம் நீங்காதவர்க்கு ஓர் எளிய வழியுண்டு. நண்பரின் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ, தாம் வழக்கமாகச் செய்யும் வேலைகள் அனைத்தையும் திறந்துவைத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. தோன்றும் பட்டியலில் நினைவகத்தின் எத்தனை விழுக்காடு நிறைந்துள்ளது என்பது தெரியும். 8 ஜி.பி. கணினியில் அது எப்போதும் தொண்ணூறுக்கு மேல் நின்றால் கூட்டி வாங்குக. அறுபதைத் தாண்டவில்லையெனில் அந்தப் பணத்தை நூல் வாங்கச் செலவிடுக.

எமது துறையும் பின்னர் இவ்வாறே செய்தது. ஒரு செருகிடம் காலியாக உள்ள 8 ஜி.பி. கணினியை வாங்கி, ஒரு பருவம் முழுதும் அளந்து பார்த்து, பின்பு இன்னோர் 8 சேர்த்தோம். மலர்கள் பதினொன்று இதுவரை முடிந்துள்ளன. பழைய 4 ஜி.பி. கணினிக்கோ, அதன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துபோனதால், இணைய இணைப்பு இல்லை. துறை நூலகத்தின் நூற்பட்டியலைத் தட்டச்சு செய்ய அதனை வைத்துள்ளோம். அவ்வேலையில் அது ஒருமுறையும் உறைந்ததில்லை.