குழந்தை வரப்போகிறது, வீடு இல்லை: இங்கிலாந்தில் என்ன உதவி கிடைக்கும்?

வருமானம் வாடகைக்கே பத்தவில்லை. மனைவி கர்ப்பமாக இருக்கிறார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். இந்த நிலையில் ‘குழந்தை பிறக்கட்டும், பிறகு கேட்கலாம்’ என்று பொறுத்திருக்காதீர்கள். வீட்டு உதவிக்கான உரிமை கர்ப்ப காலத்திலேயே வந்துவிடுகிறது.

வீடு

1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, வீடிழந்த கர்ப்பிணியும் அவரோடு வாழும் கணவரும் முன்னுரிமைக்கு உரியவர்கள். இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கர்ப்பத்துக்குச் சான்றாக மிட்வைஃபின் கடிதம் போதும். 56 நாள்களுக்குள் வீடு பறிபோகும் என்றால் இப்போதே கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். உறவினர் வீட்டு ஹாலில் படுத்திருப்பவர்களும், அந்த உறவினர் போகச் சொல்லிவிட்டால் விண்ணப்பிக்கலாம். தங்க இடமே இல்லையென்றால், விசாரணை நடக்கும்போதே கவுன்சில் தற்காலிக இடம் தர வேண்டும்.

வீட்டுக்காரர் முகம் சுளித்தார் என்பதற்காகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ‘தாங்களாகவே வீட்டை விட்டவர்கள்’ என்று கவுன்சில் முடிவு செய்தால் நிரந்தர உதவி கைநழுவிப் போகலாம். பெரும்பாலான வாடகைதாரர்களை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருக்க, ஓர் அறையை மட்டும் எடுத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. அவர்கள் உடனே ஆலோசனை கேட்க வேண்டும்.

பணம்

வேலையில் இருந்தாலும் வருமானம் குறைவென்றால் யுனிவர்சல் கிரெடிட் கேட்கலாம். வாடகைக்கான பங்கும் அதில் உண்டு. குழந்தைக்கான தொகை பிறந்த பிறகுதான் சேரும் என்பதால், பிறந்ததும் தெரிவித்துவிடுங்கள். யுனிவர்சல் கிரெடிட் பெறுபவர்களுக்கு முதல் குழந்தை என்றால் ‘ஷ்யூர் ஸ்டார்ட்’ மகப்பேற்று உதவியாக 500 பவுண்ட் கிடைக்கும். பிரசவத் தேதிக்கு 11 வாரம் முன்பிருந்து, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை விண்ணப்பிக்கலாம்.

வருமானம் மிகக் குறைவு என்றால், கர்ப்பத்தின் 10ஆம் வாரத்திலிருந்து பால், பழம், காய்கறி வாங்க ‘ஹெல்தி ஸ்டார்ட்’ அட்டை உண்டு. மிட்வைஃபிடம் சொல்லி மகப்பேற்று விலக்குச் சான்றிதழ் பெற்றால், மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. வேலை பார்க்கும் மனைவிக்குப் பேறுகால ஊதியமோ மகப்பேற்றுப் படியோ 39 வாரம்வரை கிடைக்கலாம். அதற்கு ‘மேட் பி ஒன்’ படிவம் தேவை. பிரசவத் தேதிக்கு 20 வாரம் இருக்கும்போதிலிருந்து மிட்வைஃப் அதைத் தருவார்.

விசாவைப் பாருங்கள்

விசாவில் ‘பொதுநிதி பெறத் தகுதியில்லை’ என்ற நிபந்தனை இருந்தால், யுனிவர்சல் கிரெடிட்டோ கவுன்சில் வீடோ கேட்பதற்கு முன் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் பேசுங்கள். பேறுகால ஊதியமும் மகப்பேற்றுப் படியும் பொதுநிதியில் சேராது.

கவுன்சிலுக்குப் போகும்போது

மிட்வைஃபின் கடிதம், வீட்டுக்காரரின் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, அடையாள ஆவணம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். ‘உங்களுக்கு உதவ முடியாது’ என்று வாயால் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். முடிவை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கிடைத்த 21 நாள்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய அமைப்புகள் இதற்கு இலவசமாக வழிகாட்டுகின்றன.