தோடர் மந்தில் இரண்டு கோடுகள்

ஒரு தாளில் ஒரே நீளத்துக்கு இரண்டு கோடு போடுங்க. ஒன்றின் இரு முனையிலும் அம்புத்தலை வரையுங்க, கூர் வெளியே பார்க்கிற மாதிரி. இன்னொன்றில் அதைத் திருப்பிப் போடுங்க. கவட்டை மாதிரி வெளியே விரியட்டும். இரண்டாவது கோடுதான் நீளமாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து, சமம்னு தெரிஞ்ச பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் 1889-இல் வெளியிட்ட படம் இது.

இல்லாத ஆளைப் பார்ப்பது மாயத்தோற்றம். இருக்கிற கயிற்றைப் பாம்பாகப் பார்ப்பது காட்சிப்பிழை. இரண்டும் வேறு வேறு. ஆனா இரண்டுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: நாம் பார்ப்பதில் கண் தருவது எவ்வளவு, மூளை சேர்ப்பது எவ்வளவு?

இந்தப் படத்தை நீலகிரிக்குக் கொண்டு வந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898-இல் கேம்பிரிட்ஜ் குழுவோடு டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போய் அங்கிருந்தவர்களின் பார்வையைச் சோதித்தவர். 1901-02-இல் தோடர்களிடம் அதே வேலையைச் செய்தார். முடிவுகள் 1905-இல் வந்தன. தோடர் வாழ்க்கை பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 1906-இல்.

அன்றைக்கு ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை இருந்தது. பழங்குடிகளுக்குப் புலன்கள் ரொம்பக் கூர்மை, சக்தியெல்லாம் அதிலேயே செலவாகிவிடும், யோசிக்க மிச்சம் இருக்காது என்று. காட்சிப்பிழை என்பது புத்திக் குறைவால் வருவது என்றால், தோடர்கள்தான் அதிகம் ஏமாறணும். நடந்தது வேறு. முல்லர்-லையர் படத்தில் ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் குறைவாக ஏமாந்தார்கள். செங்குத்துக் கோடு, படுக்கைக் கோட்டைவிட நீளமாகத் தெரியுமே, அந்தப் படத்தில் அதிகமாக ஏமாந்தார்கள். ஆக, மேல் கீழ் என்று யாரையும் வரிசைப்படுத்த முடியவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? 1966-இல் செகால், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். சதுர அறையில், மூலைகளுக்கு நடுவே வளர்கிறவர்களின் கண், அந்தக் கவட்டைகளை மூலையாக எடுத்துக்கொள்கிறது என்று. தோடர் வீடு பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வளைந்திருக்கும். கேட்க அழகாகப் பொருந்துகிறது. ஆனா அந்த வீட்டின் முன்பக்கம் நேர்ப்பலகை. தோடர் பெண்கள் போர்வையில், வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே போடும் பூவேலையோ முழுக்க நேர்கோடுகள்.

2015-இல் இன்னொரு செய்தி வந்தது. பவன் சின்காவின் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத 9 இந்தியப் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, 48 மணி நேரத்துக்குள் இதே மாதிரிப் படங்களைக் காட்டினார்கள். அவர்களும் ஏமாந்தார்கள். மூலைகளைப் பார்த்துப் பழக நேரமே இல்லாத கண்கள் அவை. பிழை உண்டாவதற்குப் பழக்கம் தேவையில்லை என்று இது காட்டுகிறது. அதன் அளவு ஊருக்கு ஊர் மாறுமா என்பது தனிக் கேள்வி.

ரிவர்ஸே எளிமையாக ஒன்று யோசித்திருந்தார்: படிப்பறிவு பெற்ற ஐரோப்பியர் படத்தை முழுசாகப் பார்த்தார்கள், மற்றவர்கள் கேட்டதை மட்டும், அதாவது அந்த இரண்டு கோடுகளை மட்டும் பார்த்தார்கள். அப்படியென்றால் வித்தியாசம் கண்ணில் இல்லை, கவனத்தில்.

மாயத்தோற்ற ஆய்வுக்கும் இது பொருந்தும். ஒருத்தர் நமக்குத் தெரியாததைப் பார்த்தேன் என்கிறார். அவரை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், நாம் என்ன கேட்டோம், அவர் எதைக் கவனிச்சார் என்று பார்க்கணும்.