தூங்கும் குழந்தைக்குக் குளிருதா? கைக்காப்பும் சொல்லும், நம்ம கையும் சொல்லும்



ஏற்காடு மலையில், நம்ம மாரமங்கலம் பக்கம் மார்கழி ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குக் குளிரெடுத்தால் போர்வையை இழுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தை என்ன செய்யும்? நம்மைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது.

இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். குடித்த பாலின் சக்தியெல்லாம் சூட்டைக் காப்பாற்றவே செலவாகும். எடை ஏறாது, இரத்தத்தில் சர்க்கரை குறையும், மூச்சு திணறும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அம்மா அசந்து தூங்கும் நேரத்தில் இது தெரியாமலே போய்விடலாம்.

கைக்காப்பு என்ன செய்கிறது?

இதற்காகவே பெங்களூரில் ரத்துல் நரேன் தொடங்கிய 'பெம்பு' நிறுவனம், குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் ஒரு காப்பை உருவாக்கியது. சூடு சரியாக இருந்தால் நீல விளக்கு சிமிட்டும். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆரஞ்சு விளக்கு எரியும், பீப் சத்தம் வரும், தாய் விழித்துக்கொள்வாள். 2017-ல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் இதையும் சேர்த்தது.

காப்பு இல்லையென்றால்?

நம்ம கை இருக்கிறதே! ராத்திரி பால் கொடுக்க எழும்போதெல்லாம் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்.

• இரண்டும் கதகதப்பு - நல்லது.
• வயிறு கதகதப்பு, பாதம் சில்லுன்னு இருக்கு - குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது. உடனே சூடாக்க வேண்டும்.
• இரண்டுமே சில்லுன்னு இருக்கு - ஆபத்து.

எப்படிச் சூடாக்குவது?

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, துணி டயபர் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்போடு நேராக அணைத்து, மேலே துணியால் கட்டி, போர்த்துங்கள். இதுதான் கங்காரு தாய் பராமரிப்பு. 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டில் தொடங்கியது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ கூட அணைத்துக்கொள்ளலாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள்.

குழந்தை பிறந்த முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். எடை குறைந்த குழந்தை என்றால் செவிலியர் சொல்லும் வரை துடைத்தால் போதும். குளிருக்காக அறைக்குள் கரி மூட்டாதீர்கள், புகை குழந்தையின் மூச்சைக் கெடுக்கும்.

வயிறும் சில்லிட்டால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரையும், மலை இறங்கும் வழியிலும் குழந்தை மார்போடுதான் இருக்க வேண்டும்.

உங்கள் குழுவில் கர்ப்பிணிகள் யார் யார்? அடுத்த கூட்டத்தில் அவர்களையும், அவர்கள் மாமியாரையும் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். செலவு ஒன்றும் இல்லை, ஒரு உயிர் மிஞ்சும்.