தங்கம் தீர்ந்த வயலில் வெளிமான்

ஆப்பிரிக்க சஃபாரிக்குப் பல லட்சம் செலவழிக்கிறோம். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில், கோலார் தங்கவயலின் மூடிய சுரங்கங்களுக்கு நடுவே மேய்கிற மானைப் பார்க்க யாரும் கிளம்புவதில்லை. அந்த மானின் எதிர்காலத்துக்கு ஆப்பிரிக்காவிடம் ஒரு பாடம் இருக்கிறது. அது கேமராவைப் பற்றியதல்ல, கணக்குப் புத்தகத்தைப் பற்றியது.

மாரிக்குப்பத்தில் கிளம்பும் முதல் ரயில் சாம்பியன் நிறுத்தத்துக்கு வரும்போது இன்னும் இருட்டு விலகியிருக்காது. டிபன் பாக்ஸும் தோள்பையுமாக ஏறுகிறவர்கள் இடம் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். வேலை பெங்களூரில். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. சாம்பியன் ரீப்ஸ், உரிகம், கோரமண்டல் என்று தங்கவயலின் வீடுகளில் பாதிச் சம்பளம் இந்த ரயிலில்தான் வந்து சேருகிறது என்றால் மிகையில்லை.

ரயில் பங்காருப்பேட்டையை நெருங்கும் நேரத்தில் இங்கே கிழக்கு வெளுக்கும். ஆள் போன ஊரின் வெட்டவெளிகளில், பழைய சுரங்க நிலத்துப் புல்லில், வெளிமான்கள் தலை தூக்கும். கோலார் தங்கவயலின் சுரங்க நிலங்களில் வெளிமான்கள் வாழ்வது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. வெளியூர்க்காரர்களுக்குத்தான் தங்கவயல் என்றால் சினிமாவில் பார்த்த, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணான சயனைடு மலையோடு முடிந்துவிடுகிறது.

சிவிங்கி போனது, ஓட்டம் நின்றது

சங்கப் பாடல்களில் இரலை என்றும் புல்வாய் என்றும் வருவது இந்த மான்தான் என்பார்கள். ஆணின் கொம்பு திருகித் திருகி ஓர் அடி, இரண்டடி உயரும். வயதேற ஏற ஆணின் முதுகு பழுப்பிலிருந்து கறுப்பாகும். வயிறும் கண் வளையமும் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. பெண்ணுக்குப் பொதுவாகக் கொம்பு கிடையாது.

பெயரிலேயே குணம் இருக்கிறது. அடர்ந்த காடு இதற்கு ஆகாது. நாலாபுறமும் கண்ணுக்கு எட்ட வேண்டும், ஓட இடம் வேண்டும். மிரண்டால் முதலில் நின்ற இடத்திலேயே எம்பித் துள்ளும், பிறகு மணிக்கு 80 கிலோமீட்டர் வரை பாயும். இன்று அந்த வேகத்துக்கு ஈடாக ஓடித் துரத்துகிற விலங்கு இந்தப் புல்வெளிகளில் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, சிவிங்கிப் புலி. மன்னர்கள் அதைப் பழக்கி, வண்டியில் ஏற்றிப் போய், கண்கட்டை அவிழ்த்து வெளிமான் மீது ஏவினார்கள். திப்பு சுல்தானிடம் வேட்டைச் சிவிங்கிகள் இருந்தன. அவருடைய தந்தை ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டை இதே கோலார் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

1947இல் கடைசிச் சிவிங்கிகள் இன்றைய சத்தீஸ்கரின் கோரியா பகுதியில் சுடப்பட்டன. 1952இல் இந்தியாவில் அந்த இனம் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. எழுபது ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் விமானத்தில் வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் இறங்கின. அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு வந்தன. துரத்தியதை ஆப்பிரிக்காவிலிருந்து கடன் வாங்குகிறோம். துரத்தப்பட்டது இன்னும் நம் ஊரிலேயே இருக்கிறது.

உலகம் கீழே பார்த்த ஊர்

இந்த நிலம் எப்படி மானுக்குக் கிடைத்தது? 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் இங்கே காலூன்றியது. அடுத்த 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் போயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தங்கி மூன்று தலைமுறை மண்ணுக்குள் இறங்கின. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டரையும் தாண்டிக் கீழே போனது. 1965இல் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைப் பதிவு செய்தன.

தங்கம் தேடியவனும் சரி, நியூட்ரினோ தேடியவனும் சரி, இந்த ஊரில் எல்லோரும் கீழேதான் பார்த்தார்கள். மேலே இருந்த நிலம், எதிர்காலத்தில் தோண்டலாம் என்று வேலி கட்டி வைத்த நிலமாகவே கிடந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவை மூடியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு அன்றோடு வாழ்க்கை நின்றது. ஆனால் உழாத, வீடு கட்டாத, விற்க முடியாத ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படியே மிஞ்சியது. வெளிமானுக்கு அதுதானே வேண்டும்!

இதைச் சொல்லும்போது வாய் கசக்கிறது. மனிதன் வேலை இழந்ததால் மானுக்கு மேய்ச்சல் கிடைத்தது என்பது கொண்டாடுகிற விஷயம் இல்லை. காற்றடி காலத்தில் சயனைடு மண் பறந்து வீட்டுக்குள் படிகிற ஊரில், மானைப் படம் பிடிக்க வாருங்கள் என்று அழைக்கவும் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தோடுதான் அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் கணக்கு

வெளிமான் படக்கலைஞருக்குக் கடினமான பாடம். முதுகு கரி, வயிறு சுண்ணாம்பு. உச்சி வெயிலில் முதுகின் ரோமம் தெரியும்படி ஒளியை ஏற்றினால் வயிறு வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும். வயிற்றைக் காப்பாற்றினால் முதுகு வெறும் நிழல். ஆகவே காலை முதல் ஒரு மணி நேரம், மாலை கடைசி ஒரு மணி நேரம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும், புழுதி பொன்னாக எழும்பும். பாய்ச்சலைப் பிடிக்க நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் மான் தரையோடு அமுங்கித் தெரியும். மண்ணில் படுத்து, மானின் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால்தான் கொம்பு வானத்தில் ஏறும்.

தமிழில் காட்டுயிர் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்துக்கொண்டவர். விலை உயர்ந்த கருவியைவிட அந்த விலங்கின் நடப்பைத் தெரிந்து காத்திருப்பது பெரிது என்பதற்கு அவர் படங்களே சாட்சி.

ஆனால் ஒழுக்கம் கருவிக்கும் பொறுமைக்கும் முந்தியது. துள்ளுகிற படம் வேண்டும் என்று பைக்கில் விரட்டுகிறவர் எடுப்பது மானின் அழகை அல்ல, அதன் பயத்தை. பிறந்த குட்டியைத் தாய் புல்லில் மறைத்துவிட்டு விலகி நிற்கும். அநாதை என்று நினைத்துத் தூக்கி வருவது அதைக் கொல்வதற்குச் சமம். மந்தை நிற்கிற இடத்தைக் கைப்பேசியில் உலகத்துக்கே அறிவிப்பது வேட்டைக்காரனுக்கு வழி சொல்வது. நம் மந்தைகளை இன்று அதிகம் மிரட்டுவது தெருநாய்க் கூட்டம். துரத்தப்பட்டுக் களைத்த மான் நாய்க்கு எளிதில் அகப்படும்.

தங்கப் பாதையில் வந்த சுற்றுலா

இப்போது ஆப்பிரிக்காவுக்கு வருவோம். சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல். அரபு மொழியின் சஃபரிலிருந்து வந்தது, பொருள் பயணம். நமக்கு அது முதலில் ஓர் உடையின் பெயராக அறிமுகமானது.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவின் கதையில் தங்கவயல்காரருக்கு ஓர் ஒட்டு இருக்கிறது. செலாட்டி என்ற தங்க வயலுக்காக 1890களில் இருப்புப்பாதை போடத் தொடங்கினார்கள். தங்கம் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. 1920களில் ஒன்பது நாள் சுற்றுலா ரயில் ஒன்று அந்தப் பாதையில் காட்டு வழியே போனது. பயணிகள் சிங்கத்தையும் வரிக்குதிரையையும் பார்த்துச் சொக்கினார்கள். அதுவரை காட்டு விலங்கு என்றால் சுடுவதற்கு என்றிருந்த எண்ணம் தளர அது ஒரு காரணமாயிற்று. 1926இல் க்ரூகர் தேசியப் பூங்கா பிறந்தது. தங்கத்துக்குப் போட்ட பாதை காட்டுயிருக்கு வாழ்வு தந்தது.

கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. இன்று மசாய் மாரா காப்பகத்தின் 1,510 சதுர கிலோமீட்டருக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை உலகமே வருகிறது. மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்ற மான் கூட்டம் கடக்கும் இடத்தில் வண்டிகள் பஸ் நிலையம்போல் நெருக்கி நிற்கும். அதை நாம் காப்பியடிக்க வேண்டாம்.

காப்பியடிக்க வேண்டியது பக்கத்து நிலங்களில் நடக்கிறது. மாராவைச் சுற்றி மசாய் குடும்பங்கள் தங்கள் பட்டா நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுக் காப்பிடங்களாக்கி, சுற்றுலா விடுதிகளுக்குக் குத்தகை விடுகிறார்கள். பயணிகள் அதிகம் வந்தாலும் குறைந்தாலும், ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் நிலக்காரருக்கு வந்துவிடும். கூடாரங்களுக்கு வரம்பு, வண்டிகளுக்கு வரம்பு. வழிகாட்டியும் காவலாளியும் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள். நமீபியா 1996இலேயே சட்டத்தைத் திருத்தி, ஊர்மக்கள் அமைக்கும் காப்பிடங்களுக்குக் காட்டுயிர் வருமானத்தில் உரிமை கொடுத்தது. விலங்கு இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும் என்றான பிறகு, விலங்கைக் காக்கப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

யாருடைய நிலம், யாருக்கு வருமானம்

தங்கவயலில் இந்தக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. சயனைடு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் இருக்கிறது. பதின்மூன்று மேடுகளில், ஆயிரம் ஏக்கர் பரப்பில், அந்த மண்ணை அலசி மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. சுரங்க நிலத்தில் தொழிற்பேட்டை வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக உண்டு. அதை எதிர்க்க எனக்கு மனம் வராது. அதிகாலை ரயிலில் தூங்கி வழிகிற பிள்ளைக்கு ஊரிலேயே வேலை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஆனால் மான், தொழிற்சாலை இரண்டில் ஒன்றுதான் என்பது சோம்பல் கணக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குத் தரும் காப்பு புலிக்குத் தரும் காப்புதான். அதே சட்டத்தின் 2002 திருத்தம் பாதுகாப்புக் காப்பகம் என்ற வழியைத் திறந்தது. அரசு நிலத்தை, ஊர்மக்களோடு கலந்து பேசி, மாநில அரசு காப்பகமாக்கலாம். மத்திய அரசின் நிலமென்றால் அதன் இசைவு வேண்டும். சரணாலயம்போல் கெடுபிடி இல்லை. நிர்வாகக் குழுவில் ஊராட்சிக்கும் இடம் உண்டு. தும்கூர் மாவட்டம் மதுகிரி தாலுகாவில் 798 ஏக்கர் புல்வெளி 2007இல் ஜயமங்கலி வெளிமான் காப்பகமானது இந்த வழியில்தான். தமிழ்நாட்டில் இதே மானுக்காகக் கோடியக்கரை 1967இலேயே சரணாலயம் ஆகிவிட்டது.

ஜயமங்கலியின் 798 ஏக்கரைத் தங்கவயலின் பரப்பில் வைத்துப் பாருங்கள். ஆலைக்கும் வீட்டு மனைக்கும் எடுத்துக்கொண்ட பிறகும் அவ்வளவு புல்லை ஒதுக்க இடம் இருக்கும். ஒதுக்கும்போதே ஒரு நிபந்தனை எழுதப்பட வேண்டும்: காவலாளி, வழிகாட்டி, நாய்க் கட்டுப்பாட்டு ஆள், வருகிறவர்களுக்குச் சோறு சமைக்கிறவர் எல்லாரும் லைன் வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். காலையில் மான், பகலில் பழைய ஷாஃப்ட் கோபுரம், மாலையில் சுரங்கத்தில் இறங்கியவரின் வாயாலேயே அந்தக் கதை. மசாய் மாராவிடம்கூட இப்படி ஒரு நாள் கிடையாது.

இன்றைக்கு மான் மேய வரும் நேரத்தில் அதைக் காட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் ரயிலில் இருக்கிறார்கள். சாம்பியன் நிறுத்தத்தில் அந்த ரயிலில் ஏறாமல் ஊரிலேயே நிற்க ஒரு பத்துப் பேருக்குச் சம்பளத்தோடு காரணம் கொடுத்துவிட்டால், தங்கவயல் வெளிமானுக்குப் பாதுகாப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிடும்.